ஏழாம் வாய்க்காலின் நடுக்கோடு

நிசாந்தினி அந்தக் கோட்டை நல்ல எண்ணத்தோடுதான் கீறினாள். ஒரு சிவப்புப் பேனாக் கோட்டுக்காக ஊர் இரண்டுபடும் என்றோ, விவசாயச் சங்கத் தலைவர் உரலுக்கு மேல் ஏறி நின்று நியாயம் கேட்பார் என்றோ அவள் கனவிலும் நினைத்திருக்கவில்லை.

அது தொண்ணூற்று நாலாம் ஆண்டு. தைப்பொங்கல் முடிந்த கையோடு நடந்தது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி நெல் விதைக்கிற ஏழாம் வாய்க்கால் குடியேற்றத்தில், கிடுகு வேய்ந்த ஒரு கொட்டிலில் பாலர் பாடசாலை நடந்தது. அதற்கு நிசாந்தினிதான் ஆசிரியை. உயர்தரத்தில் கணிதம் படித்தவள். பல்கலைக்கழகத்துக்குப் போக ஒரு சொட்டுப் புள்ளிதான் குறைந்தது. அந்த ஒரு சொட்டை நினைத்து ஒரு வருடம் அழுதாள், அடுத்த வருடம் கோபப்பட்டாள், அதற்கடுத்த வருடம் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுகிற வேலைக்கு வந்து சேர்ந்தாள். பிள்ளைகளை அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் நாள் முழுக்க ஒன்று இரண்டு மூன்று என்று பாடிக்கொண்டிருந்தால் பத்துக்கு மேலும் எண்கள் இருக்கின்றன என்பதே மறந்துபோய்விடுமோ என்று உள்ளுக்குள் ஒரு பயமும் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கிளிநொச்சியில் இயங்கிய ஒரு தொண்டு நிறுவனம், வன்னியில் பிள்ளைகள் எந்த வயதில் எதைப் பழகுகிறார்கள் என்று கணக்கெடுக்கத் தொடங்கியது. மூன்று மாதத்துக்கு ஒருதடவை பிள்ளைகளைச் சோதித்து எண்களை அனுப்பவேண்டும். பொறுப்பாக இருந்தவர் முத்துலிங்கம். பேராதனையில் புள்ளிவிபரவியல் படித்தவர், நாற்பது வயது, கல்யாணம் கட்டாதவர். இரண்டு சொட்டுப் பெற்றோலில் உயிர் பிடித்து மண்ணெண்ணெயில் ஓடுகிற ஒரு மோட்டார் சைக்கிளில் வந்து, பயிற்சி கொடுத்து, ஒரு துணிப்பையையும் நிசாந்தினியின் கையில் கொடுத்துவிட்டு, ஒழுங்கைப் பாதை முழுவதையும் புகையால் மூடிக்கொண்டு போனார்.

பைக்குள் படங்கள் கொஞ்சம், ஒரு சின்னப் போத்தல், சிவப்பு நிறம் பூசிய எட்டு மரக்கட்டைகள்.

படங்களைக் காட்டி, இது என்ன என்று பிள்ளையிடம் கேட்கவேண்டும். முதல் படம் றெயில். அந்தப் பிள்ளைகளுக்கு நினைவு தெரிவதற்கு முன்பே வன்னியில் றெயில் நின்றுவிட்டது. ஆளாளுக்கு உற்றுப் பார்த்துவிட்டு "மசுக்குட்டிப் புழு" என்றார்கள். மின்குமிழைக் காட்டினால் "கத்தரிக்காய்" என்றார்கள். ஒருத்தி மட்டும் நன்றாக யோசித்து, "வெள்ளைக் கத்தரிக்காய்" என்றாள். அவளுக்கு அரைப் புள்ளியாவது கொடுக்கலாமா என்று நிசாந்தினி வெகுநேரம் யோசித்தாள்.

போத்தல் சோதனை அதைவிட மோசம். ஒரு பிளம்ஸை, அதாவது உலர்ந்த திராட்சையை, எடுத்துப் போத்தலுக்குள் போட்டு, பிறகு கவிழ்த்து வெளியே எடுக்கவேண்டும் என்பது விதி. பிளம்ஸ் இருந்தால் கேக் அடித்திருக்கமாட்டோமா என்று ஊரே கேட்கிற பொருளாதாரத் தடைக் காலம் அது. அதற்குப் பதிலாகக் கச்சான் கடலை கொடுத்தாள். எல்லாப் பிள்ளைகளும் கச்சானை மிகத் திறமையாக எடுத்தார்கள், மிகத் திறமையாக வாய்க்குள் போட்டார்கள், போத்தலை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொன்று கேட்டார்கள்.

ஆகவே மிஞ்சியது கட்டைகள்தான். ஒன்றன்மேல் ஒன்றாக, விழாமல் எத்தனை கட்டை அடுக்குகிறார்கள் என்று பார்க்கவேண்டும். இதில் தின்னவும் எதுவுமில்லை, பெயர் சொல்லவும் எதுவுமில்லை. இருபது சொச்சம் பிள்ளைகளுக்கும் அருமையான எண்கள் கிடைத்தன. ஒருவன் இரண்டோடு நின்றான், ஒருத்தி எட்டையும் அடுக்கினாள், மற்றவர்கள் இடையில் எங்கெங்கோ நின்றார்கள். எண்களை ஒழுங்காக நிரைப்படுத்திப் பார்த்தபோது சரி நடுவில் ஐந்து வந்தது. நிசாந்தினிக்கு உடம்பு சிலிர்த்தது. இடையம்! புத்தகத்தில் படித்த இடையம், கிடுகுக் கொட்டிலில் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது!

எண்களை அனுப்பியதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அலுமாரிக்குள் உயர்தர வகுப்பில் வாங்கிய வரைபுத்தாள் ஒன்று மிச்சமிருந்தது. அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புள்ளி வைத்தாள். புள்ளிக்குப் பக்கத்தில் பெயரை அழகாக எழுதினாள். ஐந்தில் ஒரு சிவப்புக் கோடு கீறினாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வருகிற தாய்மாருக்கு வடிவாகத் தெரியட்டும் என்று வாசலுக்கு நேரே தொங்கவிட்டாள்.

முதலில் வந்தவள் சிவனேஸ்வரி. விவசாயச் சங்கத் தலைவர் வீரகத்தியின் மனைவி. அவளுடைய மகன் கிருசாந்தன் விடிந்ததும் கதைக்கத் தொடங்கினால் நித்திரை வந்துதான் அவனை நிறுத்தவேண்டும். ஆனால் கட்டைகளை அடுக்குவதைவிட எறிவதில்தான் அவனுக்கு விருப்பம். அவனுடைய புள்ளி மூன்றில் இருந்தது.

"ரீச்சர், என்ரை பிள்ளை ஏன் கோட்டுக்குக் கீழை கிடக்கிறான்?"

"அது நடுக்கோடு அக்கா. பாதிப்பேர் மேலை நிப்பினம், பாதிப்பேர் கீழை நிப்பினம். அவ்வளவுதான்."

"அது எனக்கு விளங்குது. நான் கேக்கிறது, அந்தக் கீழ்ப்பாதியிலை இவன் ஏன்?"

அடுத்ததாக வந்தவள் பேச்சியம்மா. மலையகத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள். எழுபத்தேழுக் கலவரத்தில் தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் காணி ஆக்கியவள். எட்டுக் கட்டையையும் அடுக்கிய சுமித்திரா அவளுடைய மகள். பேச்சியம்மா படத்தைக் கீழிருந்து மேலே பார்த்தாள். மகளின் பெயர் எல்லோருக்கும் மேலே தனியாக நின்றது. அவளுடைய முகம் இருண்டது.

"எம் புள்ள மட்டும் ஏன் டீச்சர் கோட்ட விட்டு அம்புட்டுத் தூரம் போயிருச்சு? ஏதும் வருத்தம், நோய்நொடியா?"

அன்று பின்னேரத்துக்குள் ஏழாம் வாய்க்காலில் இரண்டு சாதிதான் இருந்தது: கோட்டுக்கு மேலே ஒன்று, கோட்டுக்குக் கீழே மற்றது. கிணற்றடியில் கீழ்க்கோட்டுத் தாய்மார் மேற்கோட்டுத் தாய்மாருக்கு வாளி கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீரகத்தி கொட்டிலில் கூட்டம் வைத்தார். ஆள் கட்டை, குரல் பெரிது. வாய்க்காலில் யாருக்கு எப்போது தண்ணீர் என்று வருகிற சண்டைகளை எல்லாம் தீர்த்துவைக்கிறவர். இதையும் அப்படித் தீர்த்துவிடலாம் என்று வந்திருந்தார்.

"பிள்ளை, நான் சுத்தி வளைச்சுக் கதைக்கிற ஆளில்லை. கோட்டைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கோ."

"அது இறக்கேலாது அண்ணை."

"ஏன் ஏலாது? அவ்வளவு பெரிய குளத்திலேயே துருசைத் திறந்து தண்ணி மட்டத்தை இறக்கிறம். இது பேனைக் கோடு."

நிசாந்தினிக்குப் புத்தியில் ஒன்று பட்டது. செய்து காட்டினால் விளங்கிக்கொள்வார்கள் என்று நினைத்தாள். வந்திருந்த ஆம்பிளைகளை உயரப்படி வரிசையில் நிற்கச் சொன்னாள். நடுவில் வந்து நின்றவர் சிவராசா, வாய்க்கால் வேலையாள். "இவர்தான் இப்ப இடையம். இவருக்கு அங்காலை பாதிப்பேர் நெட்டை, இஞ்சாலை பாதிப்பேர் கட்டை. விளங்குதோ?"

எல்லோருக்கும் விளங்கியது. வீரகத்தி கட்டைப் பாதியின் கடைசிக்கு முதல் ஆளாக நின்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"இந்த நிலம் பள்ளம்" என்றார் வீரகத்தி.

"பள்ளமில்லை அண்ணை."

"பள்ளம்" என்று சொல்லி, சத்துமா இடிக்கிற உரலை உருட்டிக்கொண்டு வந்து கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்றார். ஏறியதும் நெட்டைப் பாதிக்குப் போனார். அவர் அங்கே போனதும் சிவராசா ஓரிடம் தள்ளிக் கட்டைப் பாதிக்கு வந்துவிட்டார். பதினைந்து வருடமாகத் தன்னைச் சராசரி உயரம் என்று நம்பிக்கொண்டிருந்த மனுசன். நேரே போய் ஆசிரியையின் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து ஏறினார். அதோடு மற்றவர்களும் விடவில்லை. சுவர் கட்ட அடுக்கியிருந்த மண்கற்களை ஆளுக்கு ஒன்று இரண்டு என்று எடுத்து, காலுக்குக் கீழே வைத்து ஏறினார்கள். கொஞ்சநேரத்தில் ஏழாம் வாய்க்கால் ஆம்பிளைகள் எல்லோரும் கூரைக் கிடுகில் தலை முட்ட, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஆடி ஆடி நின்றார்கள்.

"இப்ப பாருங்கோ," என்றாள் நிசாந்தினி வெற்றியோடு, "எல்லாரும் உயர்ந்திட்டியள். ஆனா இப்பவும் பாதிப்பேர் கட்டைதான்!"

உரலுக்கு மேலிருந்து வீரகத்தி மெல்லத் தலையாட்டினார்.

"வடிவா விளங்கீட்டுது. பிள்ளையளுக்கு உரல் குடுக்கவேணும்."

"இல்லை அண்ணை, நான் சொல்ல வந்தது..."

"பழக்கவேணும் எண்டு சொல்லுறன். அடுத்தமுறை ஒருத்தனும் கோட்டுக்குக் கீழை நிக்கக்கூடாது."

சொன்ன கையோடு, தான் நிற்பது உரலில் என்பதை மறந்து, வீரகத்தி கதிரையில் இருப்பதுபோலப் பின்னால் இருக்கப் போனார். உரலில் முதுகு சாய்க்க இடமில்லை. அவர் விழுந்தபோது வரிசையில் நின்ற அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு விழுந்தார்.

மறுநாளே பயிற்சி தொடங்கியது. ஊரில் அடுக்கக்கூடிய பொருள் எதுவும் தரையில் கிடக்கவில்லை. நெருப்புப்பெட்டிக்குப் பஞ்சம் பிடித்த காலத்தில், வெறும் பெட்டிகளைச் சேர்ப்பதற்காகத் தாய்மார் அயல்வீடுகளுக்குப் போய்ப் படலையில் நின்றார்கள். மீன் ரின், சவர்க்காரத் துண்டு, சிரட்டை, இடியப்பத் தட்டு, எல்லாம் அடுக்கப்பட்டன. சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றவர்களின் வெற்றுக் கான்களை யாரோ ஒரு பிள்ளை கோபுரமாக்கிவிட்டது, யாருடைய கான் எது என்று தெரியாமல் அரைநாள் வழக்கு. ஒரு மத்தியானம் வீரகத்தி பாயில் மல்லாந்து படுத்திருக்க, கிருசாந்தன் அவருடைய வண்டி வயிற்றின் மேல் நெருப்புப்பெட்டி அடுக்கத் தொடங்கினான். கண்விழித்துப் பார்த்தால் நாலு பெட்டி நிற்கிறது. மகன் முதன்முதலாக மூன்றைத் தாண்டிவிட்டான்! மனுசன் கோபுரம் ஆடிவிடக்கூடாது என்று மூச்சை அரைவாசி விட்டு அரைவாசி இழுத்துக்கொண்டு அப்படியே கிடந்தார். அன்று வயலுக்குத் தண்ணீர் விடுகிற முறை அவருடையது. அதைத் தவறவிட்ட முதல் சங்கத் தலைவர் அவர்தான்.

சித்திரையில் நிசாந்தினி இரண்டாம் தடவை சோதித்தாள். பிள்ளைகள் கொத்தனார்கள் மாதிரி வந்து குந்தினார்கள். கண்ணை ஒடுக்கி, நாக்கைக் கடித்து, ஒவ்வொரு கட்டையாக வைத்தார்கள். ஆறுக்குக் கீழே ஒருவரும் நிற்கவில்லை. கிருசாந்தனே ஆறு வைத்தான், அதுவும் கதைத்துக் கதைத்து. அவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. எண்களை நிரைப்படுத்தினாள். நடுவில் ஏழு வந்தது.

புதுப் புள்ளிகளை வைத்து, பழைய கோட்டை வெட்டிவிட்டு, ஏழில் புதுக் கோடு கீறி எண்ணிப் பார்த்தாள். கீழே இப்போதும் கிட்டத்தட்டப் பாதிப்பேர்.

சிவனேஸ்வரி படத்துக்கு முன்னால் வந்து இடுப்பில் கையை வைத்தாள். "அஞ்சிலை நிண்ட கோடு ஏழுக்குப் போட்டுது. நாங்கள் ஏற ஏற அதுவும் ஏறுதே ரீச்சர்! இது கோடோ, பேயோ?"

"அக்கா, நான் அண்டைக்கே ஆம்பிளையளை நிக்கவைச்சு..."

"அந்தக் கதையை எடுக்காதேங்கோ. உரலாலை விழுந்ததிலை அவருக்கு இன்னும் நாரி நோகுது."

இந்தமுறை கூட்டம் நடக்கவில்லை, சண்டையும் நடக்கவில்லை. கிணற்றடியில் மேல்கோடும் கீழ்க்கோடும் ஒன்றாக நின்று குசுகுசுத்தன. களை பிடுங்கப் போகிற பெண்கள் வரம்பில் கூடியிருந்து கதைத்தார்கள். நிசாந்தினி பக்கத்தால் சைக்கிளில் போனால் கதை நின்றுவிடும், எல்லோரும் அன்பாகச் சிரிப்பார்கள். ஊர் ஆறிவிட்டது என்று அவளும் நிம்மதியாகச் சிரித்துவிட்டுப் போனாள்.

ஆடியில் மூன்றாம் சோதனை. முதலாவது பிள்ளை ஆறு கட்டை அடுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டது. இரண்டாவதும் ஆறு, அதுவும் கை கட்டியது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. சுமித்திராவும் அப்படியே, ஆறு வைத்துக் கை கட்டிக் கூரையைப் பார்த்தாள். மத்தியானத்துக்குள் எல்லாருக்கும் ஆறு. ஒன்று கூடவுமில்லை, ஒன்று குறையவுமில்லை. மிச்சம் இரண்டு கட்டையும் யாரும் தொடாமல் பாயில் கிடந்தன.

நிசாந்தினி அன்றிரவு சரியாக நித்திரை கொள்ளவில்லை. ஆனால் எண்ணை மாற்ற அவளுக்கு மனம் வரவில்லை. கண்டதை எழுதி அனுப்பினாள்.

ஒரு கிழமையால் ஒழுங்கையில் புகை தெரிந்தது. முத்துலிங்கம் மோட்டார் சைக்கிளை நிறுத்துவதற்கு முதலே கதைக்கத் தொடங்கிவிட்டார்.

"பிள்ளை, நியம விலகல் எவ்வளவு தெரியுமோ? பூச்சியம்! எல்லாருக்கும் ஆறு! ஒரே அச்சிலை வாத்த செங்கல்லுக்குக்கூடக் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். நீர் வீட்டிலை இருந்து எழுதினனீரோ?"

நிசாந்தினிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு சொட்டுப் புள்ளி குறைந்தபோதுகூட யாரும் அவளைக் கள்ளி என்று சொன்னதில்லை.

"சேர், நீங்களே சோதிச்சுப் பாருங்கோ. பிள்ளையள் எல்லாம் உள்ளுக்கைதான் இருக்கினம்."

முத்துலிங்கம் பாயில் சம்மணம் போட்டு அமர்ந்தார். செய்தி எப்படியோ பறந்து, தாய்மார் ஒவ்வொருவராக வந்து கொட்டில் வாசலில் நின்றார்கள். வீரகத்தியும் அடிபட்ட இடுப்பு நாரியைப் பிடித்துக்கொண்டு வந்தார். முதலில் சுமித்திராவைக் கூப்பிட்டார்கள். ஆறு கட்டை, அசையாமல் நேராக. கையைக் கட்டினாள்.

"இன்னொண்டு வையுங்கோ பாப்பம்" என்றார் முத்துலிங்கம்.

சுமித்திரா கூரையைப் பார்த்தாள்.

அவர் சட்டைப்பைக்குள் கையை விட்டு ஒரு தோடம்பழ இனிப்பை எடுத்தார். அதைப் பிள்ளையின் மூக்குக்கு முன்னால் மெல்ல அசைத்தார். பிள்ளையின் கண் இனிப்போடு அங்குமிங்கும் போனது. வாய் ஊறியது. கை மட்டும் கட்டியபடி.

"ஏனம்மா, உங்களுக்கு ஏலாதோ?"

"ஏலும்" என்றாள் சுமித்திரா. "அம்மா ஆறு போதும்னு சொன்னாங்க."

முத்துலிங்கம் வாசலைப் பார்த்தார். தாய்மார் எல்லோரும் ஒரே நேரத்தில் வயல்பக்கம் பார்த்தார்கள். பேச்சியம்மா மட்டும் முன்னால் வந்தாள்.

"நான்தாங்க சொன்னேன். தோட்டத்துல இவ்வளவு கிலோ கொழுந்து எடுத்தாத்தான் முழுப் பேரு, முழு நாள் சம்பளம், இல்லாட்டி அரைப் பேருன்னு போடுவாங்க. ஒருத்தி வேகமா எடுத்தான்னு வைங்க, மறுநாள் எல்லாருக்கும் கிலோவ ஏத்திருவாங்க. அதனால நாங்க பேசி வச்சு எடுப்போம். இங்கயும் அதே கதைதான? புள்ளைங்க கூட வச்சா டீச்சர் கோட்ட ஏத்துறாங்க. அதான் எல்லாருக்கும் முடிஞ்சதா பாத்து ஆறுன்னு வச்சோம். இப்ப யாரும் மேலயும் இல்ல, கீழயும் இல்ல. நல்லாத்தான இருக்கு?"

முத்துலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திருப்பிப் போட்டார். மூன்று வயதும் நாலு வயதுமான பிள்ளைகள் செய்த வேலைநிறுத்தத்தை எந்த அட்டவணையில் போடுவது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"அடுத்த பிள்ளை" என்றார் அவர்.

அடுத்தவன் கிருசாந்தன். "இது முதலாவது, இது ரெண்டாவது, இது என்ரை, இதுவும் என்ரை" என்று சொல்லிச் சொல்லி ஆறையும் வைத்தான். கையைக் கட்டினான். மிச்சமிருந்த இரண்டு கட்டைகளைப் பார்த்தான். பிறகு திரும்பித் தாயைப் பார்த்தான்.

சிவனேஸ்வரி அந்தக் கணத்தில் என்ன நினைத்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். ஊருக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, கிளிநொச்சியிலிருந்து வந்த பெரியவருக்கு முன்னால், மூன்று கட்டைக்காரன் என்று பெயர் எடுத்த மகன் மறு பக்கம். அவளுடைய இடது கண் கொஞ்சமாக, ஒரு துளி அளவு, சிமிட்டியது.

கிருசாந்தன் ஏழாவதை வைத்தான். கோபுரம் நின்றது.

"ஐயோ, உடைச்சுப்போட்டாளே!" என்று வாசலில் ஒரு குரல் எழுந்தது. உடைந்தது கோபுரமல்ல, கட்டுப்பாடுதான்.

"கண்ணைக் காட்டினவா, நான் கண்டனான்!"

"என்ரை கண்ணுக்கை தூசி!"

"தூசியா?" என்றாள் பேச்சியம்மா. "அப்பிடியா சங்கதி? சுமித்திரா, வை புள்ள எட்டு!"

சுமித்திரா காத்திருந்தவள்போலப் பாய்ந்து வந்து எட்டாவதைக் கிருசாந்தனின் ஏழின் மேல் வைத்தாள். அவனுக்கு அது பிடிக்கவில்லை. கட்டை முடிந்துவிட்டதால் முத்துலிங்கத்தின் கண்ணாடிக் கூட்டை எடுத்து ஒன்பதாவதாக வைத்தான். சுமித்திரா அவருடைய சாப்பாட்டுப் பெட்டியின் மூடியை வைத்தாள். பிறகு யார் எதை வைத்தார்கள் என்று கணக்கில்லை. எல்லாப் பிள்ளைகளும் கட்டியிருந்த கையை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தார்கள். தாய்மார் வாசலில் நின்று, இடது பக்கம், மெதுவாய், மூச்சு விடாதை என்று கத்தினார்கள். வீரகத்தி நாரி நோவை மறந்து, வயலில் மட்டம் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாயில் நீட்டி நிமிர்ந்து படுத்து, "கிழக்காலை சரியுது, கிழக்காலை!" என்று கட்டளை போட்டார். முத்துலிங்கம் பையிலிருந்து அளவு நாடாவை இழுத்துக் கோபுரத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியாக இனிப்பை அவரே உச்சியில் வைத்தார்.

அந்த இனிப்புக்காக இருபது கைகள் ஒரே நேரத்தில் நீண்டன. அதோடு கோபுரம் முடிந்தது. கண்ணாடிக் கூட்டில் ஒரு பக்கம் வெடித்தது. இனிப்பு யாருடைய வாய்க்குள் போனது என்பது இன்றுவரை தெரியாது.

எல்லோரும் தண்ணீர் குடித்து இளைப்பாறியபிறகு முத்துலிங்கம் நிசாந்தினியைப் பார்த்து, "பிள்ளை, நான் அப்பிடிக் கேட்டிருக்கக்கூடாது. மன்னிச்சுக்கொள்ளும்" என்றார். பிறகு வாசலுக்கு நேரே தொங்கிய படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"ஆனா உம்மிலையும் பிழை இருக்கு. இதிலை வயசெங்கை?"

"வயசோ சேர்?"

"இந்தக் கிருசாந்தனுக்குத் தையிலை எத்தினை வயசு?"

"இரண்டரை."

"சுமித்திராவுக்கு?"

நிசாந்தினி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நாலுக்குக் கிட்ட."

"ரெண்டு பேருக்கும் ஒரே கோட்டைக் கீறினா? கண்டுக்குட்டியையும் தாய்மாட்டையும் ஒரே வண்டிலிலை பூட்டின மாதிரி. இன்னொண்டு, எட்டுக் கட்டைதான் குடுத்தனாங்கள். அதுக்கு மேலை ஏலுமான பிள்ளைக்கும் எட்டு எண்டுதான் விழும். அது பிள்ளையின்ரை குறையில்லை, கட்டையின்ரை குறை. அது என்ரை பிழை."

பேச்சியம்மாவின் கணவர் தங்கராசா முதிரை மரப் பலகையில் இன்னும் ஒரு குவியல் கட்டைகள் வெட்டிக் கொடுத்தார். ஆடிச் சோதனையை நிசாந்தினி முதலிலிருந்து செய்தாள். தாய்மார் எல்லோரும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. தொண்டு நிறுவனத்தின் கிளிநொச்சிக் கந்தோருக்குப் போன அறிக்கையில், பிந்திய எண்களுக்குக் கீழே முத்துலிங்கம் தன் கையால் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு எழுதினார்: ஆடியில் முதலில் அனுப்பிய எண்களைப் பாவிக்கவேண்டாம், சோதிக்கப்பட்டவர்கள் ஒத்துழைக்க மறுத்துவிட்டார்கள்.

நிசாந்தினி புதுப் படம் கீறினாள். இந்தமுறை நடுக்கோடு இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக, தையில் ஒரு புள்ளி, சித்திரையில் ஒன்று, ஆடியில் ஒன்று, மூன்றையும் தொட்டு ஒரு கோடு. அந்தந்தப் பிள்ளை அந்தந்தப் பிள்ளையோடுதான் போட்டி. பார்த்தால் எல்லாக் கோடும் மேலே போயின. ஒருத்தியின் கோடு மட்டும் கடைசியில் கொஞ்சம் சரிந்தது. அவளுக்கு அன்று கூகைக்கட்டு, கன்னம் வீங்கிக் கழுத்தைத் திருப்ப முடியாமல் பக்கவாட்டில் பார்த்து அடுக்கினாள். தாய்மார் வந்தார்கள், பார்த்தார்கள், ஏறுது ஏறுது என்று ஒருவருக்கொருவர் காட்டி மகிழ்ந்தார்கள். நிசாந்தினி கொட்டிலுக்கு வெளியே போய் நின்று, யாரும் பார்க்காத நேரத்தில் தன் கையைத் தானே குலுக்கிக்கொண்டாள்.

அந்தச் சமாதானம் ஒரு கிழமை நீடித்தது.

அடுத்த கிழமை அவள் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருக்க, சிவனேஸ்வரி உள்ளே வந்தாள். கையில் ஒரு பாகைமானி. பக்கத்து வீட்டில் ரியூசனுக்குப் போகிற பெட்டையிடம் இரவல் வாங்கியதாம். நேரே படத்தடிக்குப் போய், அதை ஒவ்வொரு கோட்டிலும் பொருத்திப் பார்த்து, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

"ரீச்சர், கிருசாந்தன்ரை கோடு நாப்பது பாகை ஏறுது. பேச்சியம்மான்ரை மகளின்ரை இருபதுகூட வராது. அப்ப ஆர் கெட்டி?"

நிசாந்தினியின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. சுமித்திரா தையிலேயே எட்டில் நின்றவள், கட்டையும் எட்டோடு முடிந்ததால் சித்திரை வரை அவளுடைய கோடு ஏற இடமே இருக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பின்னால் ஒரு குரல் கேட்டது. கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பேச்சியம்மா நின்றாள். அவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். மகளின் கோடு தொடங்குகிற இடத்தைப் பார்த்தாள், கிருசாந்தனின் கோடு தொடங்குகிற இடத்தைப் பார்த்தாள்.

"ஓகோ" என்றாள். "அப்ப ஆரம்பத்துல கம்மியா வைக்கணும்."

"அப்பிடியில்லை பேச்சியம்மாக்கா..." என்று நிசாந்தினி தொடங்கினாள்.

இடுப்பிலிருந்த சின்னவனுக்கு இன்னும் இரண்டு வயதாகவில்லை. வருகிற தையில்தான் அவனைப் பாலர் பாடசாலையில் சேர்ப்பதாக இருந்தது. அவன் எட்டி மேசையிலிருந்த ஒரு கட்டையை எடுத்து, இன்னொன்றின் மேல் நேராக வைத்தான். மூன்றாவதையும் எடுத்தான்.

பேச்சியம்மா சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப வேணாண்டா ராசா. தைக்குப் பொறகு வைக்கலாம்."